பத்தில் நில்லாத செவி: ஸ்ரீமந்நாதமுனிகள் வைபவம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

இனிய பாட்டும் அழகிய ஆட்டமும் கண்ணுக்கினிய காட்சியும் நம் நெஞ்சை எம்பெருமானிடமிருந்து விலக்கிவிடுமோ என்னும் அச்சம் அடியார்களுக்கு ஒருகால் உண்டாவதுண்டு. விலக்கத்தானே வேண்டும் என்று சிலர் உறுதியாகவே இருப்பர். பூர்வாசார்யர்களுள் முதல்வரான ஸ்ரீமந்நாதமுனிகளின் சரித்திரத்தை இந்த ஐயத்தோடு சேர்த்து நாம் அநுஸந்திக்க விரும்புகிறோம். நாலாயிர திவ்யப்ரபந்தம் இன்று நம் நாவில் இருப்பதற்குக் காரணம், ஒரு பாட்டின் இனிமையில் அவர் செவி ஈடுபட்டதே.

நாதமுனிகள் அவதரித்தது வீரநாராயணபுரத்தில். ஆனி மாதம், அனுஷ நக்ஷத்ரம். இன்று காட்டுமன்னார்கோயில் என்று வழங்கும் திருத்தலம் அது. அருகிலுள்ள வீராணம் ஏரியும் இவ்வூரும், வீரநாராயணன் என்னும் விருதுப்பெயர் கொண்ட முதற் பராந்தக சோழனை (907–955) நினைவூட்டுபவை. தந்தையார் ஈச்வர பட்டர். திருக்குமாரர் ஈச்வர முனிகள். ஊரில் கோயில் கொண்டருளிய மன்னனாருக்குக் கைங்கர்யம் செய்வதே இக்குடும்பத்தின் வாழ்வாக இருந்தது.

ஒரு காலத்தில் நாதமுனிகள் குடும்பத்தோடு வடநாட்டு யாத்திரை எழுந்தருளினார். கண்ணன் பிறந்த மதுரையும் விளையாடிய ப்ருந்தாவனமும் கோவர்த்தனமும் ஸேவித்து, யமுனைக்கரையிலுள்ள கோவிந்தபுரம் என்னும் ஊரில் தங்கினார். அந்தக் கரையின் அழகு அவரை அங்கேயே நிறுத்திவைத்தது. கண்ணன் நீராடிய துறை, பசு மேய்த்த வெளி என்று பார்த்த இடமெல்லாம் அவருக்கு அவனையே காட்டின. முடிவில் மன்னனார் கனவில் எழுந்தருளித் திரும்பி வருமாறு நியமித்த பின்னரே அவ்விடம் விட்டுப் புறப்பட்டார். ஆயினும் யமுனை அவர் திருவுள்ளத்தை விட்டு அகலவில்லை. பின்னாளில் தமக்குப் பேரன் பிறந்தால் யமுனைத்துறைவன் என்றே பெயரிடவேண்டும் என்று நியமித்தார். அந்தப் பேரனே ஆளவந்தார்.

மன்னனார் ஸந்நிதியில் ஒருநாள் மேல்நாட்டு ஸ்ரீவைஷ்ணவர்கள் சிலர் வந்து ஸேவித்தனர். அவர்கள் திருக்குடந்தை ஆராவமுதனைப் பற்றிய பத்துப் பாசுரங்களோடு அவற்றின் பலச்ருதியையும் இனிமையாக விண்ணப்பம் செய்தனர். நாதமுனிகள் உருகிநின்றார். உருக்கத்தினிடையிலும் அவர் செவி ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டது. இப்பத்தும் ஆயிரத்தினுள் அடங்கியது என்று பாசுரத்தின் முடிவில் ஆழ்வாரே கணக்குச் சொல்லியிருந்தார். மற்றவை எங்கே என்று நாதமுனிகள் வினவினார். தங்களுக்குத் தெரிந்தவை இவ்வளவே என்றனர் வந்தவர்கள். திருக்குடந்தைக்கே எழுந்தருளி விசாரித்தும் விடை அதுவேயாயிற்று.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்கவேண்டும். அப்பாசுரங்களை இனியவை என்று அறிந்தவர் நாதமுனிகள் ஒருவரே அல்லர். பாடியவர்களும் உருகியே பாடினர். கேட்டவர்களும் உருகியே கேட்டனர். ஆனால் பத்தின் இனிமை அவர்களுக்குப் போதுமானதாக இருந்துவிட்டது. ஆயிரம் என்னும் சொல்லை அவர்களும் நாள்தோறும் உச்சரித்தே வந்தனர். அச்சொல் கேள்வியாக எழுந்தது நாதமுனிகளிடத்தில்தான். அவரும் கேட்டு மகிழ்ந்து இல்லம் திரும்பியிருப்பாராகில், நமக்கு எஞ்சியிருக்கக்கூடியவை எத்தனை பாசுரங்கள் என்று எண்ணவே நெஞ்சு நடுங்குகிறது.

பாசுரத்தில் இருந்த ஊர்ப்பெயரை அடையாளமாகக் கொண்டு அவர் திருக்குருகூருக்கு எழுந்தருளினார். அங்கே மதுரகவியாழ்வாரின் வழியில் வந்த பராங்குசதாஸரைக் கண்டு விண்ணப்பித்தார். ப்ரபந்தங்கள் நெடுங்காலத்துக்கு முன்பே மறைந்துபோயின என்று தெரிவித்த பராங்குசதாஸர், தம்மிடம் எஞ்சியிருந்த கண்ணிநுண்சிறுத்தாம்பை உபதேசித்தார். திருப்புளியாழ்வாரின் அடியில் அமர்ந்து நாதமுனிகள் அதனை 12,000 முறை அநுஸந்தித்தார். நம்மாழ்வார் ப்ரஸாதித்தருளி, ஆழ்வார்கள் அனைவருடைய ப்ரபந்தங்களையும் அவற்றின் பொருளோடு அவருக்கு அளித்தார். யோக ரஹஸ்யத்தையும் அருளினார். மற்றவற்றைத் தேடிச் சென்றவருக்கு ஆயிரத்துக்கு மேல் மூவாயிரம் கிடைத்தது.

பெற்றதை ஓலையில் எழுதிப் பாதுகாப்பதோடு அவர் நிற்கவில்லை. வீரநாராயணபுரம் திரும்பியதும் தம் மருமக்களான கீழையகத்தாழ்வானையும் மேலையகத்தாழ்வானையும் அருகழைத்து, பாசுரங்களைத் தேவகானத்தில் இசையமைத்துப் பாடக் கற்பித்தார். இசைக்குரியவற்றை இசையாகவும் இயற்பாவை இயலாகவும் வகுத்தார். முதலில் தம்மைத் தடுத்து நிறுத்தியது பாட்டின் இனிமையே என்பதை அவர் மறக்கவில்லை போலும். தம்மை ஆட்கொண்ட வழியே உலகையும் ஆட்கொள்ளும் என்று அவர் திருவுள்ளம் பற்றினார் என்று நாம் கொள்கிறோம். இன்றும் திருவரங்கத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆழ்வார்திருநகரியிலும் அரையர் ஸ்வாமிகள் குல்லாய் அணிந்து, கையில் தாளமேந்தி, இசையும் அபிநயமும் கூட்டிப் பெருமாள் திருமுன்பே ஸேவிப்பது அந்த மருமக்கள் வழி வந்த செல்வமேயாகும்.

அரசவைக் கேளிக்கையிலும் அவருடைய செவி இவ்வாறே விளங்கியது. சோழ மன்னனின் அவையில் ஆடல் பாடல் வல்ல மகளிர் இருவர் பாடினர். ஒருத்தி பாடியது மநுஷ்யகானம். மற்றொருத்தி பாடியது தேவகானம். மன்னனுக்குப் பழகிய இசை இனித்தது; பழகாதது இனிக்கவில்லை. முன்னவளுக்கே பரிசளித்தான். தேவகானம் பாடியவள் மனம் கலங்கி, இதன் சுவை அறிபவர் நாதமுனிகளே என்று மன்னனார் ஸந்நிதிக்கு வந்து பாடினாள். நாதமுனிகள் முழுவதும் கேட்டு உகந்து, கோயில் மரியாதைகளைச் செய்வித்தார். செய்தியறிந்த மன்னன் வந்து, இவ்விசையில் என்ன சிறப்பைக் கண்டீர் என்று கேட்டான். நாதமுனிகள் பல தாளங்களை ஒரே காலத்தில் ஒலிக்கச் செய்து, ஒவ்வொன்றின் எடையையும் ஒலியைக்கொண்டே சொல்லிக் காட்டினார் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு. மன்னன் வியந்தான். ஒரு கலை கேட்பாரின்றி அழியாமல் காக்கப்பட்டது.

அவருடைய கண்ணும் அத்தகையதே. மன்னன் ஒருநாள் தேவியர் புடைசூழ வந்தான். அந்தக் கோலத்தைக் கண்ட நாதமுனிகள், கோபியரோடு கண்ணன் எழுந்தருளுகிறான் என்றே கொண்டு பின்தொடர்ந்தார். உலகம் இதனை மயக்கம் என்னும். நாம் அவ்வாறு கொள்வதில்லை. அழகு என்று எது கண்ணில் பட்டாலும், அது யாருடையது என்று தேடியே பழகிய நெஞ்சு அவருடையது. உடையவனை அதில் கண்டுகொண்டது.

தாம் பெற்ற செல்வத்தைச் சீடர்களுக்கு அளிக்கும் காலம் வந்தது. யோகத்தைக் குருகைக்காவலப்பன் பெற்றுக்கொண்டார். உய்யக்கொண்டாரை வினவியபோது, உலகத்தார் துயருற்றிருக்கத் தாம் மட்டும் தனித்திருந்து இன்புறுவது தகாது என்று விண்ணப்பித்து, திவ்யப்ரபந்தத்தையும் அதன் பொருளையும் பரப்பும் பணியையே அவர் வேண்டினார். நாதமுனிகள் மிகவும் உகந்தருளினார்.

அவருடைய இறுதி நாளும் ஒரு காட்சியைத் தொடர்ந்ததே. அவர் யோகத்தில் எழுந்தருளியிருந்த வேளையில், வில்லேந்திய இருவரும் ஒரு பெண்ணும் ஒரு குரங்கும் வீட்டு வாசலுக்கு வந்து சென்றனர் என்று திருமகளார் பின்னர் தெரிவித்தார். வேட்டைக்காரர்கள் கடந்துபோகும் அன்றாடக் காட்சியாகவே பிறர் அதனைக் கொண்டிருப்பர். பெருமாளும் இளையபெருமாளும் பிராட்டியும் திருவடியுமே வந்தனர் என்று நாதமுனிகள் எழுந்து ஓடினார். வழியெல்லாம் தேடினார். காணவில்லை. இன்று கங்கைகொண்ட சோழபுரம் என வழங்கும் ஊரின் அருகே, பிரிவைத் தாங்காமல் விழுந்து திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

அவர் இயற்றிய ந்யாயதத்துவமும் யோகரஹஸ்யமும் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. யோக உபதேசமும் நின்றுபோயிற்று. அது நின்ற விதம் நினைக்கத்தக்கது. குருகைக்காவலப்பனிடம் யோகம் பெற ஆளவந்தாருக்கு ஒரு நாள் குறிக்கப்பட்டிருந்தது. அதற்குள், திருவரங்கத்தில் அரையர் திருவனந்தபுரத்துப் பாசுரங்களை இசைக்கக் கேட்ட ஆளவந்தார், அவ்வினிமையில் ஈடுபட்டு அப்போதே திருவனந்தபுரம் புறப்பட்டுவிட்டார். ஓலையைப் பார்த்தபோது குறித்த நாள் அன்றே என்று தெரிந்தது. திரும்பி வர வழியில்லை. பாட்டனார் அமைத்த இசை, பாட்டனார் வைத்துப்போன யோகத்தைப் பேரனுக்குக் கிட்டாமல் செய்தது. இது இழப்பே, மறுக்கவில்லை. ஆனால் யோகம் ஒருவர் தனித்திருந்து பெறுவது. இசையோ ஊர்தோறும் ஒலிப்பது. எது எஞ்சவேண்டும் என்பதை எம்பெருமான் திருவுள்ளம் பற்றினான் என்றே நாம் தேறுகிறோம்.

தூரதேசங்களில் வாழும் நம் இல்லங்களிலும் இன்று பாட்டு ஒலிக்கிறது. குழந்தைகள் இசையும் நடனமும் பயில்கின்றனர். அவற்றைக் கண்டு நாம் அஞ்சவேண்டியதில்லை. நாதமுனிகள் எந்த அழகையும் விலக்கவில்லை; எந்த அழகோடும் நின்றுவிடவும் இல்லை. நமக்கு நெஞ்சில் நிற்கும் பாசுரங்கள் சிலவே இருக்கலாம். அவற்றை இனிமையாகப் பாடி முடித்தபின், மற்றவை எங்கே என்று நம் இல்லத்தில் ஒரு குழந்தை கேட்குமாகில், அங்கே நாதமுனிகள் எழுந்தருளியிருக்கிறார் என்று கொள்வோம்.

ஸ்ரீமந்நாதமுனிகள் திருவடிகளே சரணம்.