தேய்வைக் கணக்கிட்ட மேதை

எர்னஸ்ட் ரதர்ஃபோர்ட் 1871ஆம் ஆண்டு நியூசிலாந்தில் ஓர் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளுள் ஒருவரான அவர், உதவித்தொகை பெற்றே உயர்கல்வி கற்றார். 1898இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

அங்குத் தோரியம் என்னும் தனிமத்திலிருந்து வெளிப்படும் வாயுவை அவர் ஆராய்ந்தார். அதன் கதிரியக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் பாதியாகக் குறைந்தது. அடுத்த நிமிடத்தில் அது முற்றிலும் மறைந்துவிடவில்லை. எஞ்சியதில் பாதியே குறைந்தது. இவ்வாறு அரை, கால், அரைக்கால் எனத் தேய்ந்துகொண்டே சென்றது. தொடக்கத்தில் எவ்வளவு இருந்தாலும், பாதியாவதற்கு ஆகும் காலம் மட்டும் மாறவில்லை. அக்காலமே இன்று ‘அரை ஆயுள்’ எனப்படுகிறது.

அணு என்றும் மாறாதது என்பதே அன்றைய அறிஞர்களின் நம்பிக்கை. ரதர்ஃபோர்டும் அவருடன் பணியாற்றிய ஃபிரெடரிக் சாடியும் 1902இல், அணு சிதைந்து வேறொரு தனிமமாக மாறுகிறது என்று விளக்கினர். பலர் ஐயுற்றனர். எனினும், தம் அளவீடுகளை நம்பிய ரதர்ஃபோர்ட் பின்வாங்கவில்லை. 1908இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

1937இல் அவர் மறைந்தார். பூமியின் பழம்பாறைகளின் வயதை அறிய, அவர் கண்ட கணக்கே இன்றும் துணைநிற்கிறது.