நாலு வருஷம் வேண்டாம் என்ற முதல்வர்

கோவை அவினாசி சாலையில் 2015-ல் திறந்த கார் மியூசியத்தில் ரோல்ஸ் ராய்ஸ் முன் நின்று வாய் பிளக்கிறோம். அந்த மியூசியத்துக்குப் பெயர் தந்த ஜி.டி. நாயுடு (1893–1974) நம் கல்லூரி முதல்வராக இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

கலங்கல் கிராமத்துப் பையன். வெள்ளைக்காரர் ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசை பற்றிக்கொண்டது. ஓட்டலில் சர்வராக நின்று காசு சேர்த்து அதை வாங்கினார். 1920-ல் பொள்ளாச்சி–பழனி பஸ், டிரைவரும் அவரே! அது யு.எம்.எஸ். ஆனது.

1945-ல் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய நம் கல்லூரிக்கு முதல்வரானார். பொறியியலுக்கு நாலு வருஷம் வீண், இரண்டே போதும் என்றார். அரசு மசியவில்லை, பதவியை உதறினார். அம்பத்தூர் எஸ்டேட்டில் புதுப் பட்டதாரிக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கச் சொல்லித்தரும்போதெல்லாம் அவர் கட்சிதான் சரியென்று படுகிறது. ஆனா, அந்தக் கணக்குப் பாடத்தை இரண்டு வருஷத்தில் எப்படி முடிப்பாராம்?