நெஞ்சமே ஏடாக!

1938ஆம் ஆண்டின் கடுங்குளிர். லெனின்கிராட் நகரில், நெவா ஆற்றங்கரையில் நிற்கிறது க்ரெஸ்தி சிறைச்சாலை. அதன் சுவரோரம் நீண்ட வரிசை. தாய்மாரும் மனைவியருமாகப் பெண்கள்! கால் கடுக்க நின்று, சிறு சன்னலுக்குள் பணத்தை நீட்டுவார்கள். பெற்றுக்கொண்டால், உள்ளே இருப்பவன் உயிரோடிருக்கிறான் என்ற நிம்மதி. மறுத்துவிட்டால்? அந்த வரிசையில் தன் மகன் லெவ்வுக்காகப் பதினேழு மாதங்கள் நின்றார் ஒரு தாய். அவரே ருஷ்யாவின் பெருங்கவிஞர் அன்னா அக்மதோவா.

1889இல் ஒதெஸ்ஸா நகருக்கருகே பிறந்தவர் அன்னா. கவிதை எழுதுவது குடும்பப் பெயருக்கு இழுக்கு என்றார் தந்தை. தாய்வழி மூதாட்டியின் பெயரைப் புனைபெயராக்கிக் கொண்டார் மகள். 1912இல் முதல் தொகுதி வந்தது. புகழும் வந்தது. 1917இல் புரட்சி. 1921இல், மணமுறிவு பெற்ற கணவர் கவிஞர் குமில்யோவ் சுட்டுக் கொல்லப்பட்டார். பலர் நாட்டைவிட்டு வெளியேறினர், அன்னா வெளியேறவில்லை.

1925க்குப் பின் பல ஆண்டுகள் அவருடைய புதிய கவிதைகள் அச்சேறவில்லை. பழைய அரண்மனையொன்றின் பகுதியில், பிறரோடு பகிர்ந்து கொண்ட குடியிருப்பில் ஓர் அறையே அவர் உலகம். சுவருக்கும் காதுண்டு என்று அஞ்சிய காலம் அது. சிறைவாயில் துயரை 'இரங்கற்பா'வாக எழுதினார். தோழி லிதியா சுகோவ்ஸ்கயா வந்தால், வாய் தேநீரைப் பற்றிப் பேசும். கை தாளில் கவிதை எழுதும். தோழி படித்து மனனம் செய்ததும் தாள் தீக்கிரையாகும். நண்பர்தம் நெஞ்சமே ஏடாயிற்று!

1946இல் கட்சி அவரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். உணவுப் பங்கீட்டு அட்டையும் பறிபோனது. 1949இல் மகன் மீண்டும் கைதானான். மறு ஆண்டு, அவனைக் காக்க ஸ்டாலினைப் போற்றியும் கவிதை எழுதினார் அன்னா. குற்றம் சொல்வோர் சொல்லட்டும். பெற்ற வயிற்றின் நெருப்பை யாரே அறிவர்? ஆயினும் மகன் விடுதலையானது 1956இல்தான். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே ஸ்டாலின் மறைந்திருந்தார்.

1966 மார்ச் 5ஆம் நாள் அன்னா மறைந்தார். 'இரங்கற்பா' அவர் நாட்டில் அச்சானது 1987இல். 2006இல் சிறைக்கு எதிர்க்கரையில் சிலையாய் நின்றார் அந்தத் தாய்.

நண்பர்களே! என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இம்மலரில் என் எழுத்து அச்சேறுவதைப் பெருமையாக மட்டுமே எண்ணியிருந்தேன். எழுதிய தாளை எரிக்காமல் வைத்திருக்க முடிவதே ஒரு பேறு என்பதை அன்னாவின் வாழ்வே எனக்குக் கற்பித்தது. அப்பேற்றைக் காப்பதும் நம் கடமையன்றோ!