கொத்தனார் போட்ட கோடு

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-ல் தொடங்கியது. அது முதல் நம் பினாங்குத் தீவிலும், அக்கரையில் செபராங் பிறைத் தோட்டங்களிலும் பிறந்த எத்தனையோ பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போயிருக்கிறார்கள். இப்படிப்பட்ட தொழிற்சாலைகளின் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். வட்டம், சதுரம், அம்பு என்று கோலம் போட்ட மாதிரி இருக்கும். சாமான் எந்த வழியாக வருகிறது, யார் கைக்குப் போகிறது, எங்கே சோதிக்கப்படுகிறது என்பதெல்லாம் அதிலே அடங்கும். புளோ சார்ட் என்பார்கள். யாரோ பெரிய படிப்பாளி மேசையில் உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்திருப்பார் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் செங்கல் அடுக்கிய ஒரு கொத்தனார். பிராங்க் கில்பிரத் என்பது அவர் பெயர்.

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பேர்பீல்டு என்ற சிற்றூரில் 1868-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் அவர் பிறந்தார். மூன்று வயதிலேயே தகப்பனாரை இழந்தார். தாயார்தான் பாடுபட்டுப் பிள்ளைகளை ஆளாக்கினார். புகழ்பெற்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர அவருக்குத் தகுதி இருந்தது. இருந்தும் 1885-ல், பதினேழு வயதில், பாஸ்டன் நகரில் கட்டட வேலைக்குப் போய்விட்டார். கையில் கரண்டி, தோளில் செங்கல்.

மாணவச் செல்வங்களே, இங்கேதான் கவனிக்க வேண்டும். அவருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த கொத்தனார்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் செங்கல் வைத்தார்கள். அதுமட்டுமா? ஒரே ஆள் சொல்லிக் கொடுக்கும்போது ஒரு விதம், நிதானமாகச் செய்யும்போது வேறு விதம், அவசரத்தில் இன்னொரு விதம். இதில் எது சரி என்று பையன் எல்லாரையும் கேட்டுத் துளைத்தான். பதில் கிடைக்கவில்லை. தானே உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தான்.

ஒரு செங்கல் வைக்கப் பதினெட்டு அசைவு. அதிலே பெரும் பாடு குனிவதுதான். நாலைந்து ராத்தல் கல்லை எடுக்க, கொத்தனார் தன் உடம்பின் பாதி கனத்தையும் சேர்த்துத் தூக்குகிறார். நாள் முழுக்க, ஆயிரம் தடவை! கில்பிரத் ஒரு சாரம் செய்தார். சுவர் உயர உயர அதையும் உயர்த்தலாம். கல்லும் சாந்தும் இடுப்பு உயரத்திலேயே இருக்கும். கல்லின் நல்ல முகத்தைத் திருப்பி வரிசையாக வைத்துக் கொடுக்கும் வேலையைச் சித்தாளிடம் விட்டார். பதினெட்டு அசைவு ஐந்தாகக் குறைந்தது. மணிக்கு 120 கல் வைத்த ஆள் 350 கல் வைத்தார். இதையெல்லாம் 1909-ல் நூலாகவும் எழுதினார்.

தோட்டத்து அண்ணன்மார் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். கல் மூன்று மடங்கானால் கூலியும் மூன்று மடங்கானதா? நியாயமான கேள்விதான். அக்காலத்தில் டெய்லர் என்பவர் கையில் கடிகாரத்தோடு தொழிலாளி பின்னால் நின்று நேரம் பார்த்தார். தொழிலாளர்களுக்கு அது பிடிக்கவில்லை. கில்பிரத்தையும் சங்கத்துக்காரர்கள் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தார்கள். அவரும் முதலில் டெய்லர் கூட்டத்தில் இருந்தவர். பிறகு விலகினார். வேகத்தைப் பார்க்காதே, களைப்பைப் பார் என்பது இவர் கட்சி. களைப்பைப் பற்றியே 1916-ல் மனைவியோடு சேர்ந்து தனி நூல் எழுதினார். நின்றே செய்யும் வேலைக்கும் நாற்காலி போடு, இடையில் ஓய்வு கொடு என்றார். முதலாளி எல்லாரும் கேட்டார்களா என்றால், அது வேறு கதை.

மனைவி லில்லியன் கலிபோர்னியாக்காரர். 1904-ல் திருமணம். மனோதத்துவம் படித்து 1915-ல் டாக்டர் பட்டம் வாங்கியவர். யந்திரத்தையும் அசைவையும் கணவர் பார்த்தார், மனுஷனை மனைவி பார்த்தார். பன்னிரண்டு பிள்ளைகள். அதில் ஒரு பெண் 1912-ல் தொண்டை அடைப்பான் நோயில் இறந்துவிட்டாள். அந்த வீட்டையும் தகப்பனார் தொழிற்சாலை மாதிரிதான் நடத்தினார். பல் விளக்கினாயா, குளித்தாயா, படுக்கையை மடித்தாயா என்று குளியலறையில் ஒரு சார்ட் தொங்கும். பிள்ளைகள் அதிலே கையெழுத்துப் போட வேண்டும். சட்டைப் பொத்தானைக் கீழிருந்து மேலாகப் போட்டால் மூன்று வினாடி, மேலிருந்து கீழாகப் போட்டால் ஏழு வினாடி என்று கணக்குப் பார்ப்பார். இரண்டு கையிலும் சவரக்கத்தி பிடித்துப் பார்த்தாராம். மிச்சமான நேரத்தைவிடக் காயத்துக்குக் கட்டுப் போட்ட நேரம் அதிகமாகிவிட்டது! இதையெல்லாம் பிள்ளைகளே பின்னாளில், 1948-ல், புத்தகமாக எழுதிச் சிரிக்க வைத்தார்கள்.

சினிமாக் கேமராவை வேலைத்தலத்துக்குக் கொண்டு போனார். அறுவை செய்யும் டாக்டர்களையும் படம் பிடித்தார். டாக்டர் தானே கத்தியைத் தேடாமல், தாதி எடுத்துக் கையில் வைக்க வேண்டும் என்றார். இந்த வழியில் வைத்துப் பார்க்க வேண்டியது நம் மதுரையில் நடந்தது. 1976-ல் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி, பக்கத்தில் பக்கத்தில் மேசை போட்டு, ஒருவருக்குச் சிகிச்சை முடியும்போதே அடுத்தவர் தயாராக இருக்கும்படி வேலையைப் பிரித்தார். ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குக் கண் கிடைத்தது.

இப்போது சார்ட்டுக்கு வருவோம். 1921 டிசம்பரில் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கக் கூட்டத்தில் கில்பிரத் தம்பதியர் இந்தப் படத்தை விளக்கினார்கள். ஒரு வேலை தொடங்கி முடியும்வரை நடப்பதை அடையாளங்களாக வரைவது, வரைந்த பிறகு எதை நீக்கலாம் என்று பார்ப்பது. 1947-ல் அதே சங்கம் ஐந்து அடையாளங்களை நிலைப்படுத்தியது. வட்டம் என்றால் வேலை. அம்பு என்றால் இடம் மாறுதல். சதுரம் சோதனை. ஆங்கில டி எழுத்து காத்திருத்தல். தலைகீழ் முக்கோணம் சேமித்து வைத்தல்.

பால்மரம் வெட்டியவர்கள் இதைச் சுலபமாகப் புரிந்துகொள்ளலாம். விடியற்காலை பிரட்டில் நிற்பது டி. நிரைக்கு நடப்பது அம்பு. கோட்டுப்பால் உரித்து, உளி போட்டு, மங்கு வைப்பது வட்டம். அடுத்த மரத்துக்கு நடை, மறுபடி அம்பு. நானூறு ஐந்நூறு மரம்! பால் வடியும்வரை டி. வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போவது அம்பு. அங்கே வரிசையில் நிற்பது டி. நிறுத்துப் பார்ப்பது சதுரம். கணக்கில் ஏறுவது பாலின் எடை மட்டும். வரிசையில் நின்ற நேரம் எந்தச் செக்ரோலிலும் ஏறியதில்லை. தாளில் வரைந்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். பொழுது போனது ஆளின் சோம்பலாலா, வழியின் கோணலாலா என்று அப்போது தெரிந்துவிடும். கில்பிரத் செய்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

ஆபீஸ் வேலையும் அப்படித்தானே? ஒரு மனு எத்தனை மேசை சுற்றுகிறது, எத்தனை நாள் தட்டில் கிடக்கிறது! ஆலன் மோகன்சன் என்பவர் 1930-களில் இந்தச் சார்ட்டை வியாபார நிறுவனத்தாருக்கு வகுப்பு வைத்துக் கற்றுக் கொடுத்தார். 1940-களில் கம்ப்யூட்டருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க வந்த அறிஞர்களும் வட்டமும் அம்புமாகத் தங்கள் படங்களை வரைந்தார்கள்.

அதையெல்லாம் பார்க்க கில்பிரத் இருக்கவில்லை. ஐரோப்பாவில் மாநாடுகளுக்குப் போகப் பயணம் வைத்திருந்தார். 1924 ஜூன் 14-ஆம் நாள் ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பு. வயது 55. பதினொரு பிள்ளைகள், கடைசிப் பெண்ணுக்கு இரண்டு வயது. சில நாள்களில் லில்லியன் கப்பலேறி, கணவர் பேச வேண்டிய மாநாடுகளில் தாமே போய்ப் பேசினார். திரும்பி வந்தால், பொம்பளை யோசனை சொல்லி நாங்கள் கேட்பதா என்று பல கம்பெனிகள் ஒப்பந்தத்தை நிறுத்திவிட்டன. அவர் தளரவில்லை. வீட்டிலேயே பயிற்சி வகுப்பு நடத்தினார். சமையற்கட்டில் பெண்கள் எத்தனை அடி வீணாக நடக்கிறார்கள் என்று எண்ணி, அடுப்பும் மேசையும் எங்கே இருக்க வேண்டும் என்று படம் போட்டுக் கொடுத்தார். 1935-ல் பர்டூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1972 ஜனவரியில், 93 வயதில் மறைந்தார்.