எல்லோருக்கும் ஒரே எஞ்சின்!
கார் பந்தய வீரர் கரிவர்தன் வாழ்க்கை

ஆர்.கே.பேட்டை, நெசவாளர் நிறைந்த ஊர். அங்கே இரண்டு பேருக்கு ஒரே நூலும் ஒரே தறியும் கொடுத்து நெய்யச் சொன்னால், யார் கை தேர்ந்த கை என்பது துணியைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஒருவருக்கு உயர்ந்த நூலும் மற்றவருக்கு மட்டமான நூலும் கொடுத்தால் என்ன ஆகும்? துணி, கைத்திறனைக் காட்டாது. நூல் வாங்கிய பணத்தைத்தான் காட்டும்.

கார் பந்தயமும் அப்படித்தான். ஆர்.கே.பேட்டை இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தின் மறு கோடியில், சோழவரம் பந்தயத்தில் பணமா, திறமையா என்ற போட்டி பல ஆண்டுகள் நடந்தது. அந்தப் போட்டியில் திறமையின் பக்கம் நின்று, பந்தய விதியையே மாற்றிக் காட்டியவர் கரிவர்தன்.

மில் வீட்டுப் பிள்ளை

கரிவர்தன் 1954-ம் ஆண்டு பிறந்தார். கோவையில் 1910-ம் ஆண்டு குப்புசாமி நாயுடு தொடங்கிய லட்சுமி மில் குடும்பத்தைச் சேர்ந்தவர். செல்வத்துக்குக் குறைவு இல்லை. மில் நிர்வாகத்தைக் கவனித்துக்கொண்டு சுகமாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் மனம் நூலில் நிற்கவில்லை. சக்கரத்தில் ஓடியது.

கார் ஓட்டுவதோடு அவர் ஆசை அடங்கவில்லை. காரைப் பிரிப்பார், மாற்றுவார், மீண்டும் பூட்டுவார். புதிய வண்டிகளைத் தாமே வரைந்து, தாமே கட்டுவார். பந்தயத்தில் ஓட்டுபவர் பலர் உண்டு. வண்டி கட்டுபவர் சிலர் உண்டு. இரண்டும் தெரிந்தவர் அபூர்வம். கரிவர்தன் அந்த அபூர்வமானவர்.

விமானம் ஓடிய பாதை

சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. போர் முடிந்த பிறகு அங்கே விமானச் சத்தம் ஓய்ந்தது. கார்ச் சத்தம் தொடங்கியது. சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. ஆயிரக்கணக்கான மக்கள் வெயிலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அந்நாளில் ஓடியவற்றில் பெரும்பாலானவை பியட், அம்பாசிடர், ஹெரால்டு போன்ற தெருவில் காணும் கார்களே. வெளியே பார்த்தால் வீட்டுக் கார் போல இருக்கும். உள்ளே வேறு! எஞ்சின் தலைப்பகுதியை இழைத்து, பெட்ரோல் ஆவி மேலும் இறுக அமுங்கும்படி செய்வார்கள். அதனால் சக்தி கூடும். பெரிய கார்புரேட்டர் பொருத்தினால் காற்றும் பெட்ரோலும் அதிகமாகப் பாயும். பின் இருக்கையைக் கழற்றி எறிந்தால் எடை குறையும்.

இவற்றில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று சொல்வதுதான் பந்தய விதி. விதி இறுக்கமாக இருந்தால் ஓட்டுபவரின் திறமை முன்னே வரும். விதி தளர்ந்தால் பணப்பை முன்னே வரும்.

சோழவரத்தில் பணப்பை முன்னே வந்தது. கோண்டல் அரச குடும்பத்தார் சர்ட்டீஸ் என்ற வெளிநாட்டுப் பந்தயக் காரைக் கொண்டுவந்தார். தொழிலதிபர் விஜய் மல்லையா என்சைன் என்ற காரைக் கொண்டுவந்தார். அவை பறந்தன. உள்ளூரில் கட்டிய கார்கள் அவற்றின் அருகே நெருங்க முடியவில்லை. வெளிநாட்டிலிருந்து கார் தருவிப்பது அப்போது சாமானியருக்கு எட்டாத காரியம். கொடி அசைவதற்கு முன்பே யார் வெல்வார் என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிட்டால், அது பந்தயமா?

திறமை இருந்தும் பணம் இல்லாத இளைஞர்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள். அவர்களை உள்ளே கொண்டுவருவது எப்படி?

மாருதி கொடுத்த வழி

1983-ம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 கார் வந்தது. சிறிய கார். மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின். சில ஆண்டுகளில் ஊர் ஊராகப் பரவியது. உதிரி பாகமும், பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கும் எங்கும் கிடைக்கலாயின.

இந்த எஞ்சினைக் கொண்டு கரிவர்தன் ஒரு பந்தயக் காரை உருவாக்கினார். 1988-ம் ஆண்டு அது பார்முலா மாருதி என்ற பெயரில் அறிமுகமாயிற்று. எஃகுக் குழாய்ச் சட்டம், ஒரே ஒரு இருக்கை, மூடாத சக்கரங்கள். பார்ப்பதற்கு வெளிநாட்டுப் பந்தயக் கார் போல இருக்கும். அதன் இதயமோ கடைத்தெருவுக்குப் போகும் காரின் இதயம்!

காரை விடப் பெரியது அதன் விதி. எல்லோருக்கும் ஒரே வகை எஞ்சின், ஒரே வகை கியர் பெட்டி. பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் அதுதான். நடுத்தர வீட்டுப் பிள்ளைக்கும் அதுதான்.

இதில் கரிவர்தனுக்கு என்ன லாபம்? பணமும் அவரிடம் இருந்தது. எஞ்சினை வேகமாக்கும் கைத்திறனும் இருந்தது. பழைய விதியே நீடித்திருந்தால் அவருக்குத்தான் சாதகம். தமக்குச் சாதகமானதை விட்டு, பிறருக்கு வழி திறந்தார். அதுதான் அவர் பெருமை.

விதி ஒரு கத்தி

இந்த எண்ணம் உலகத்துக்குப் புதிது அல்ல. இங்கிலாந்தில் 1967-ம் ஆண்டு பார்முலா போர்டு என்ற பந்தயம் தொடங்கியது. சாதாரணப் போர்டு கார் எஞ்சின்தான் பொருத்த வேண்டும், முழு வண்டியின் விலை 1,000 பவுனைத் தாண்டக்கூடாது என்று விதி வைத்தார்கள். அதில் ஓட்டிப் பழகிய பலர் உலகப் புகழ் பெற்றார்கள்.

ஆனால் விதி இருபுறமும் வெட்டும் கத்தி. அமெரிக்காவில் வீட்டுக் கார் உருவத்தில் ஓடும் ஸ்டாக் கார் பந்தயம் மிகப் பிரபலம். அங்கே 1987-ம் ஆண்டு டல்லடேகா பாதையில் பில் எலியட் மணிக்கு 342 கிலோ மீட்டர் வேகம் காட்டினார். அதே பந்தயத்தில் பாபி அலிசனின் கார் டயர் வெடித்து, பாய்ந்து வேலியைக் கிழித்தது. வேடிக்கை பார்த்தவர்கள் காயமடைந்தார்கள்.

உடனே விதி மாறியது. 1988 முதல், அது போன்ற அதிவேகப் பாதைகளில் கார்புரேட்டருக்கு அடியில் நான்கு துளையுள்ள தகடு ஒன்றைப் பொருத்தச் சொன்னார்கள். எஞ்சினுக்குள் போகும் காற்று குறைந்தது. வேகமும் குறைந்தது. ஆனால் எல்லா வண்டியும் ஏறக்குறைய ஒரே வேகம் ஆனதால், கூட்டமாக ஒட்டி ஓடின. ஒன்று தடுமாறினால் பத்து மோதின! ஒரு ஆபத்தைத் தடுத்த விதி, வேறு ஒரு ஆபத்தைக் கொண்டுவந்தது.

விதியைக் காகிதத்தில் எழுதினாலும் போதாது. வண்டியை எடை போட வேண்டும். எஞ்சினைத் திறந்து அளக்க வேண்டும். தராசு இல்லாத கடையில் படிக்கல் இருந்து என்ன பயன்?

விதை முளைத்தது

1990-ம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் புதிய பந்தயப் பாதை வந்தது. அங்கே பார்முலா மாருதி ஓடியது. அதில் முதல் பந்தயம் ஓட்டிய கோவை இளைஞர் ஒருவர், 2005-ம் ஆண்டு உலகின் தலைசிறந்த பார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அவர் நரேன் கார்த்திகேயன். 2010-ல் பார்முலா 1-க்குப் போன சென்னை வீரர் கருண் சந்தோக்கும் பார்முலா மாருதியில் பழகியவரே.

அதைக் காணக் கரிவர்தன் இல்லை. 1995-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி, சிறு விமான விபத்தில் அவர் உயிர் இழந்தார். நாற்பதைச் சற்றே தாண்டிய வயது.

கோவை செட்டிபாளையத்தில் 2003-ம் ஆண்டு வந்த பந்தயப் பாதைக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரையே சூட்டினார்கள். அங்கே ஓடும் எல்.ஜி.பி. பார்முலா 4 கார்களிலும் தெருவில் ஓடும் மாருதி ஸ்விப்ட் காரின் எஞ்சின்தான். அவர் இட்ட விதி வழி தொடர்கிறது.

கரிவர்தன் ஓட்டி வென்ற பந்தயங்களைச் சிலர் மறந்திருக்கலாம். ஆனால், எல்லோர் கையிலும் ஒரே நூலைக் கொடுத்து, நெய்து காட்டுங்கள் என்று சொன்ன அந்த மில் வீட்டுப் பிள்ளையைப் பந்தய உலகம் மறக்காது.