கைவிடாத ரகீம் சாகிப்

ஐதராபாத்தில் ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். பெயர் சையத் அப்துல் ரகீம். பிறந்தது 1909-ம் ஆண்டு. பாடம் சொல்லிக் கொடுத்த கையோடு கால்பந்தும் சொல்லிக் கொடுத்தார். எல்லோரும் அவரை ரகீம் சாகிப் என்றே மரியாதையுடன் அழைத்தனர்.

அவர் பயிற்சி அளித்த ஐதராபாத் நகரப் போலீஸ் அணி, 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 ஆண்டுகள் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. இந்திய அணியும் அவர் கைக்கு வந்தது. 1951-ல் டெல்லியில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியாவுக்குத் தங்கம் கிடைத்தது.

சைக்கிள் வாடகை

செகந்திராபாத் அருகே ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். பயிற்சிக்கு வந்து போகக்கூட அவரிடம் காசு இல்லை. சைக்கிள் வாடகைக்கு ரகீம் பணம் கொடுத்தார். பிற்பாடு பலராம் கல்கத்தா ஈஸ்ட் பெங்கால் அணிக்குப் போய்விட்டார்.  பிழைப்புக்காக ஆட்டக்காரன் இடம் மாறுவது குற்றமா என்ன? இந்திய அணியில் பலராமுக்கு இடம் இருந்தது.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா 4-வது இடம் பெற்றது. அந்த அணிக்கும் ரகீமே பயிற்சியாளர்.

ஜகார்த்தாவில் சோதனை

1962-ல் ஜகார்த்தாவில் ஆசியப் போட்டி நடந்தது. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்து, தாய்லாந்துடன் நடந்த ஆட்டத்தில் தடுப்பு வீரர் ஜர்னைல் சிங்கின் மண்டை உடைந்தது. தையல் போட்டார்கள். கோல் கீப்பர் பீட்டர் தங்கராஜ் காய்ச்சலில் படுத்தார். அவருக்குப் பதில் இளைஞர் பிரத்யுத் பர்மன் கோல் காத்தார். நன்றாகவே காத்தார்.

இறுதி ஆட்டம் செப்டம்பர் 4-ந் தேதி. எதிரி மீண்டும் தென் கொரியா. இந்தியா மீது கோபம் கொண்டிருந்த கூட்டம், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர், மைதானத்தில் கூச்சலிட்டது.

ரகீம் என்ன செய்தார்? காய்ச்சலில் கிடந்து எழுந்த தங்கராஜை மீண்டும் கோலில் நிறுத்தினார். நல்ல உயரம், நீண்ட அனுபவம் உள்ளவர் அவர். சென்னை ரெஜிமெண்ட் அணியில் ஆடிப் பெயர் பெற்றவர். தலையில் கட்டுடன் இருந்த ஜர்னைல் சிங்கை, தடுப்பு வரிசையிலிருந்து எடுத்து, அரை இறுதியைப் போலவே முன்வரிசையில் ஆட விட்டார்.

இது ஆபத்தான முடிவு. தோற்றிருந்தால் ஊர் முழுவதும் பழி ரகீம் தலையில்தான் விழுந்திருக்கும். ஆனால் பி.கே.பானர்ஜி முதல் கோலைப் போட்டார். ஜர்னைல் சிங் இரண்டாவது கோலைப் போட்டார்! கடைசி நேரத்தில் கொரியா ஒரு கோல் போட்டது. தங்கராஜ் அதற்கு மேல் விடவில்லை. 2-1. தங்கம் இந்தியாவுக்கு!

மறைவு

ரகீமின் உடலைப் புற்றுநோய் அரித்தது. 1963 ஜூன் 11-ந் தேதி அவர் காலமானார். வயது 53. அதன் பிறகு ஆசியப் போட்டியில் கால்பந்துத் தங்கம் இந்தியாவுக்குக் கிடைக்கவே இல்லை.

கடலூரில் பிறந்த இந்துமதி கதிரேசன் இந்தியப் பெண்கள் அணிக்கு ஆடியவர். மஞ்சக்குப்பம் மைதானத்திலும், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் திடலிலும் ஆடும் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பழக்கும் ஆசிரியர்களுக்கும் ரகீமின் வாழ்க்கை ஒரு பாடம். பழகிய ஆளை நோய் வந்ததும் ஒதுக்கிவிடக் கூடாது. அவன் எந்த இடத்தில் நின்றால் பயன்படுவான் என்று பார்க்க வேண்டும். ரகீம் அதைத்தான் செய்தார்.