வீரமாமுனிவரும் பரமார்த்த குருவும்

பாட்டியின் மடியில் தலைவைத்துக் கதை கேட்ட நாட்களை நம்மில் யார்தாம் மறப்போம்? பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி விலைகொடுத்து வாங்கிய சீடர்களின் கதையைக் கேட்டு நாம் வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறோம். அதை எழுதியவர் ஓர் இத்தாலியத் துறவி என்பதைப் பாட்டியும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. வீரமாமுனிவர் என்னும் அப்பெரியாரின் வாழ்வைச் சிறிது காண்போம்.

இத்தாலி நாட்டின் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப். குடும்பப் பெயர் பெஸ்கி. இளமையிலேயே துறவு பூண்ட புனித ஞானப்பிரகாசியார் பிறந்ததும் அதே ஊரில்தான். அம்மண்ணில் வளர்ந்த சிறுவன் 1698-இல், தம் பதினெட்டாம் வயதில், இயேசு சபையில் சேர்ந்ததில் வியப்பில்லை அன்றோ!

1710-இல் கோவாவில் வந்திறங்கிய அவர், அடுத்த ஆண்டு மதுரை மறைப்பணித் தளத்தை அடைந்தார். அப்போது வயது முப்பதைக் கடந்துவிட்டது. அந்த வயதில்தான் தமிழின் அரிச்சுவடியைக் கையில் எடுத்தார். சில ஆண்டுகளுக்குள் எதிர்ப்பு மூண்டது, சிறைப்பட்டார், மரண தண்டனையின் விளிம்புவரை சென்று தப்பினார். ஆயினும் ஊர் திரும்ப எண்ணவில்லை. தைரியநாதர் என்று பெயர் பூண்டவரை மக்கள் வீரமாமுனிவர் என்று போற்றினர்.

அவருடைய நூல்களுக்கு ஊற்று எது? ஒன்றன்று, பல. புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு அவர் 1726-இல் இயற்றிய தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். அதன் கதைக்கு ஆதாரமாக நின்றது ஸ்பெயின் நாட்டில் ஆக்ரேதா நகர மடத்தில் வாழ்ந்த மரியா என்னும் கன்னியர் தேவதாயைப் பற்றி எழுதிய நூல். எங்கோ ஒரு மடத்து அறையில் ஒரு பெண் எழுதியது தமிழ்க் காப்பியமாய் மலர்ந்தது என்பதைப் பெண்பிள்ளைகளாகிய நாம் நினைவிற் கொள்ள வேண்டும். காவிய நடைக்கோ அவர் கம்பனையும் சீவக சிந்தாமணியையும் ஆசானாகக் கொண்டார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். 1732-இல் சதுரகராதி என்னும் அகராதியைத் தந்தார்.

இத்துணைப் பெரும் புலவர் சிரிப்புக் கதை எழுதுவானேன்? புதிதாய் வரும் குருக்கள் மக்கள் பேசும் தமிழை எளிதில் கற்கவேண்டும் என்பதற்காகவே பரமார்த்த குருவின் கதையை எழுதினார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்க்கிறார்கள். கரையேறியதும் தம்மை விட்டுவிட்டு எண்ணி, ஒருவரை ஆறு விழுங்கிற்று என்று அழுகிறார்கள். இப்படித் தன்னை எண்ண மறந்த மூடர் கதை இங்கிலாந்திலும் உண்டு. தண்ணீரில் தன் நிழலைக் கண்டு ஏமாந்த நாயின் கதை ஈசாப்பினுடையது. உலகெங்கும் உலவிய கதைகளுக்குத் தமிழ் மண்ணின் வேட்டியும் தலைப்பாகையும் உடுத்தி நடமாட விட்டார் முனிவர். லண்டனில் 1822-இல் பாபிங்டன் என்பார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அதனை அச்சேற்றினார்.

குருமாரை எள்ளுவதற்கென்றே இக்கதை எழுந்தது என்று குறை கூறுவாரும் உளர். நாம் அப்படி எண்ணவில்லை. எழுதியவரும் ஒரு குருவே. படிக்க வேண்டியவர்களும் குருக்களே. குதிரையிலிருந்து குரு குழியில் விழுந்தபோது, எதை எதை எடுக்கவேண்டும் என்று எழுதிய ஓலையில் குருவின் பெயர் இல்லை என்று சொல்லிச் சீடர்கள் அவரைத் தூக்க மறுத்தார்கள். அவரே தம் பெயரையும் ஓலையில் எழுதிக் கொடுத்த பின்னரே தூக்கினார்கள்! எழுத்தைப் பிடித்துக்கொண்டு அதன் உட்பொருளை விட்டவர் நிலை இதுவே. பொருள் அறியாது ஜெபத்தை ஒப்பிப்பவரும், புரியாமல் பாடத்தை நெட்டுருச் செய்து தேர்வு எழுதும் நாமும் அச்சீடர்களுக்கு எவ்வளவு தூரம்? சிரித்து முடித்தபின் நெஞ்சைத் தொடும் கேள்வி இது.

முனிவர் 1747-இல் கேரளத்து அம்பழக்காட்டில் இறைவனடி சேர்ந்தார். 1968-இல் சென்னையில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் கடலூர் மாவட்டத்திலேயே, விருத்தாசலம் பக்கத்துக் கோணான்குப்பத்தில், அவர் எழுப்பிய பெரியநாயகி மாதா திருத்தலம் உள்ளது. அங்குச் செல்லும்போது மாதாவை வணங்குவதோடு, முப்பது வயதுக்குமேல் தமிழ் படிக்கத் தொடங்கிய அந்த மாணவரையும் ஒரு கணம் நினைப்போம்.

தாய்மொழியாகப் பெற்ற நாம் அதனைப் பிழையின்றிப் பேசவும் பொருளுணர்ந்து படிக்கவும் தயங்கலாமா? இன்றிரவு தம்பி தங்கையருக்குப் பரமார்த்த குருவின் கதை ஒன்றைச் சொல்வோம். எழுதியவர் பெயரையும் மறவாமல் சொல்வோம்!